ஐம்பதாயிரம் லிட்டர் மரியாதை

தீயை வெல்லத் தண்ணீர் மட்டும் போதாது, நல்ல நிர்வாகமும் வேண்டும் என்று உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருமை, சரவணம்பட்டியில் பன்னிரண்டு மாடி உயர்ந்து நிற்கும் 'கொங்கு கார்டன்' குடியிருப்பையே சாரும். சங்கச் செயலாளர் லட்சுமணசாமி அப்படித்தான் நம்பினார்.

கீழ்த்தளத்தில் ஐம்பதாயிரம் லிட்டர் தொட்டி. எந்த வீட்டில் தீப்பிடித்தாலும் கூரையிலுள்ள ஸ்பிரிங்க்ளர் தானாகத் திறந்து அந்தத் தண்ணீரைப் பொழியும் என்பது ஏற்பாடு. கோடையில் போர்வெல் வற்றியது. தீக்கென்று வைத்த தண்ணீர் மட்டும் சும்மா கிடந்தது.

"ஏனுங்க, சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்க. அந்தத் தொட்டில கொஞ்சம் எடுத்துக்கட்டுங்களா?" என்றார் நாலாம் மாடி சண்முகப்பிரியா.

"அதுக்கென்னங்க, எடுத்துக்குங்க."

தண்ணீர் கேட்டவரிடம் இல்லை என்று சொல்லும் வழக்கம் லட்சுமணசாமியின் பரம்பரையிலேயே கிடையாது. நூற்றிருபது வீட்டுக்காரர்களும் 'ங்க' போட்டுக் கேட்டார்கள். கார்கள்கூடத் தலை முழுகின. தொட்டியில் தரை தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தீப் பாதுகாப்பு ஆய்வுக்கு அதிகாரி வருவதாகக் கடிதம். லட்சுமணசாமி அசருவாரா? டீ, தேங்காய் பன்னுடன் அவசரக் கூட்டம் கூட்டினார். பக்கத்துக் குடியிருப்பின் செயலாளர் அமிர்தராஜ் 'சிறப்பு அழைப்பாளர்'.

"உங்க தொட்டித் தண்ணிய ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா, ஆய்வு முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துப்போடறனுங்க."

"சாயங்காலமே வேணுமுங்க. மறுநா எங்களுக்கு ஆய்வு," என்றார் அமிர்தராஜ். "தண்ணியப் பத்திக் கவலையே வேண்டாமுங்க. போன வாரம் மூணு அப்பார்ட்மென்ட்ல பாஸானதுங்க."

'ஒருங்கிணைந்த நீர் ஆதாரப் பகிர்வுத் திட்டம்' ஏகமனதாக நிறைவேறியது. மதில் மேல் குழாய் போட்டார்கள். அதிகாரி எட்டிப் பார்த்தார், தொட்டி தளும்பியது, 'போதுமான நீர் உள்ளது' என்று எழுதிக் கொடுத்தார். மாலையில் ஒரு சொட்டுக் குறையாமல் தண்ணீர் மதில் தாண்டித் திரும்பிப் போனது. சொன்ன சொல் தவறாதவர் லட்சுமணசாமி.

மறுநாள் கீழே பாராட்டுக் கூட்டம். தோளில் பொன்னாடை ஏறிய நேரம், பதினோராம் மாடியிலிருந்து மனைவி மயிலாத்தாள் போன் செய்தார். மூட்டு ஆபரேஷன் முடிந்து பத்தே நாள். படி இறங்க முடியாதவர்.

"ஏனுங்க, சாமி வெளக்குல இருந்து ஜன்னல் சீலை பத்திக்கிச்சுங்க. மேல அந்தக் குழாய் தொறந்துக்கிச்சு, காத்துதானுங்க வருது."

லிஃப்ட் இருப்பதையே மறந்து பதினோரு மாடியும் படியில் ஓடினார். சான்றிதழ் எதுவும் நினைவில்லை. அவள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மயிலாத்தாள் இருந்தார். வாரத்துக்கு ஆட்டி வைத்திருந்த இட்லி மாவை அண்டாவோடு கவிழ்த்து நெருப்பை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். லட்சுமணசாமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பொன்னாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மயிலாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் எரிஞ்சு போயிருந்தா, கேக்கறவங்களுக்குக் காட்டறதுக்குப் பக்கத்து அப்பார்ட்மென்ட்ல இருந்து ஒரு பொண்டாட்டிய, சாயங்காலம் வரைக்கும் வாங்கியாந்து நிறுத்தியிருப்பீங்களாக்குங்க?"