இஸ்திரிப் பெட்டியும் என் சாட்சியும்

அன்பு மருமகளுக்கு, கடல் தாண்டி வந்த பிறகும் கழுத்து நிமிர்ந்தே இருக்கும் உன் தாய்மாமன் எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். உன் மாமியாரின் சுகத்துக்கு என்றைக்குமே குறைவிருக்காது.

அடுத்த மாதம் மூன்று பேரும் இங்கே வந்து ஒரு வாரம் தங்கப்போவதாகவும், மருமகளின் தாய்மாமன் மிஷன் விருந்தினர் விடுதிக்கே மேனேஜர் என்று உன் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அதோடு விட்டாயா? “மாமா, கல்யாணப் பந்தல்ல நீங்க அளந்தது எனக்குத் தெரியும். அவங்க முன்னாடி என் மானம் போகாம பாத்துக்குங்க” என்று வேறு கடைசியில் ஒரு வரி. அளந்தேனாம்! நாற்பது அறை, நாற்பதுக்கும் சாவி என் இடுப்பில். எனக்கு ஒத்தாசையாக ஓர் அம்மாவைப் போட்டிருக்கிறார்கள், பாவம், கணக்கு வழக்கெல்லாம் அவர்தான் பார்க்கிறார். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்யும் ஊழியக்காரர்கள் இங்கே வந்து படுத்தால், இப்படி ஒரு விரிப்பில் படுத்ததே இல்லை என்று கண் கலங்குகிறார்கள். மேனேஜர் ஏன் விரிப்பைப் பற்றிப் பேசுகிறார் என்று மாப்பிள்ளை கேட்டால், நிர்வாகம் என்பது விரிப்பிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்.

போன வாரம் நடந்ததைக் கேள். பேராயர் ஐயா வந்து தங்கியிருந்தார். அவருடைய வெள்ளை அங்கிக்கு நானே முன்வந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற சமையற்காரருக்கு என் இளமைக்கால வீரத்தைச் சொல்லப்போக, கதை பாதி வருவதற்குள் புகை முழுசாக வந்துவிட்டது. அங்கியின் நடுமுதுகில், அளவெடுத்து வெட்டியதுபோல, இஸ்திரிப் பெட்டி வடிவில் ஓட்டை! ஆண்டவனுக்கு மட்டும் தெரியட்டும் என்று முதுகைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி அலமாரியில் மாட்டிவிட்டேன்.

மறுநாள் கணக்குப் பார்க்கும் அந்த அம்மா வந்தார். “நாளைக்கு ஜெபக்கூட்டத்துல நீங்க சாட்சி சொல்லணும்” என்றார். “யார் முன்னாடிம்மா?” என்றேன். “பேராயர் ஐயா முன்னாடிதான். எதையும் ஒளிக்காம மனசுல இருக்கறத சொல்லுங்க, போதும்.” விஷயம் தெரிந்துவிட்டது, விசாரணை வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினேன்.

“போன வாரம் யாருய்யா சாட்சி சொன்னது?”

“நம்ம தோட்டக்காரரு. அழுதுக்கிட்டே சொன்னாரு.”

“அப்புறம்?”

“எல்லாரும் கைதட்டுனாங்க.”

“ஆளையே காணோமே?”

“ஊருக்குப் போயிட்டாரு.”

அழுதவனைக் கைதட்டி ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? வேலை போனால் போகட்டும், மூட்டையோடு நான் ஊரில் போய் இறங்கும் நேரத்தில் நீங்கள் இங்கே வந்து இறங்கினால் உன் மாமியார் முகத்தில் நீ எப்படி முழிப்பாய்? அதை நினைத்துத்தான் நடுங்கினேனே தவிர, எனக்குப் பயம் என்பது பரம்பரையிலேயே கிடையாது.

கூட்டத்தில் என்னை எழுப்பினார்கள். “ஐயா, வேற யாரும் பாக்கல, நான்தான் குற்றவாளி, நான்தான் சாட்சி. அங்கியில ஓட்டை போட்டது இந்தக் கைதான்” என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பேராயர் மெல்லத் திரும்பி முதுகைக் காட்டினார். அதே அங்கி! “என் பிரசங்கத்துல சூடே இல்லன்னு சொல்லுவாங்க. இனிமே முதுகுலயாவது இருக்கு” என்றார் பார், சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. சாட்சி என்றால் இவர்களிடத்தில் கடவுள் நமக்குச் செய்த நன்மையைச் சொல்வதாம். கோர்ட்டுச் சாட்சி இல்லையாம். முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? அப்புறம் பேராயர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, இந்த விடுதியே உம்மால்தான் நிற்கிறது என்று கண்ணீர் விட்டார்.

ஆகையால் தைரியமாகப் புறப்பட்டு வா. மாப்பிள்ளைக்கு என் ஆசி. உன் மாமியாருக்கு, ஒரு மேனேஜர் சொல்லக்கூடிய அளவுக்கு வணக்கம். நீ நிறைந்து வாழ்க.

உன் மாமன்,
மேனேஜர்

பின்குறிப்பு: அந்த அம்மாவிடம் தபால்தலை கேட்கப் போனேன். எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன் என்று வாங்கிய அம்மா முழுவதையும் படித்துவிட்டார். “சபை முன்னாடி சாட்சி சொன்ன ஆளு எழுதற எழுத்தா இது? அந்தப் பொண்ணு அங்க மாமியார்கிட்ட என்ன பாடுபடும்?” என்றார். ஆகவே எழுதுகிறேன். மேனேஜர் அந்த அம்மாதான். நான் விரிப்பு துவைத்து இஸ்திரி போடுகிறவன். அறைகள் ஆறு. பேராயர் கட்டிப்பிடிக்கவில்லை, ஓட்டைக்கு ஒட்டுப் போடச் சொன்னார். உன் மாமியாரிடம் இதை அப்படியே படித்துக் காட்டு. பொய் என்னுடையது, உனக்கு அதில் பங்கில்லை. உங்களுக்குத் தோட்டத்தைப் பார்த்த அறையை அம்மா ஒதுக்கிவிட்டார். வாசலில் மேனேஜர் மாமா என்று கேட்காதே, இஸ்திரி மாமா என்று கேள், அம்மாவே எழுந்து வந்து கூட்டிப்போவார்.

இன்னும் ஒன்று: அம்மா டெலிபோன் எடுக்கப் போயிருக்கிறார். மாடியில் தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே நான் படுக்கிற இடத்தையும் சேர்த்தால் அறைகள் ஏழு.