மூன்றாம் நம்பருக்கு மேலேதான் இடம்

நித்யா, பிரவீன், இரண்டு பேரும் கேளுங்கள். டிவிக்கு அடியில் இருக்கிற கறுப்பு கேம் பெட்டியில் இடம் போதவில்லை, "அந்தப் பழைய பாஸ்கெட்பால் ஃபைலை அழிச்சிடலாமாப்பா?" என்று போன வாரம் கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். கோபமெல்லாம் இல்லை. பதில் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது கொஞ்சம் வரும் என்பதால் எழுதித் தருகிறேன்.

வயசாவதை எதிர்த்து இந்த உலகத்தில் எத்தனையோ பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். தலைக்கு மை அடிக்கிறார்கள், காலையில் எழுந்து ஓடுகிறார்கள். ஆனால் வயசு வாசலில் வந்து நின்றபோது, ஒரு சுவிட்சை அணைத்து அதை வந்த வழியே திருப்பி அனுப்பிய ஒரே மனிதர் எங்கள் கிரேன் நைனாதான்.

அவருடைய சொந்தப் பெயர் கம்பெனி அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எதிரில் மேனேஜர் வந்தாலும் சரி, தெருநாய் வந்தாலும் சரி, "இன்னா நைனா" என்பார். கடைசியில் அவரே நைனா ஆகிவிட்டார். கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்புக் கம்பெனியின் மூன்றாம் நம்பர் கிரேன் அவருடையது. கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். அதில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டுக்குள் நைனா. கீழே நின்று, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கை காட்டுகிறவன் நான். நாற்பத்திரண்டு படி ஏறினால்தான் அவருக்கு ஆபீஸ். எங்கள் ஷிஃப்ட்டில் யாருக்கு வழுக்கை விழ ஆரம்பித்தாலும் முதலில் பார்ப்பவர் அவர்தான். "சேகரு, உச்சியில பௌர்ணமி வருது, பாத்துக்கோ" என்று மேலேயிருந்து கத்துவார். எனக்கு அப்போதுதான் தெரியும்.

அவருக்கு ஊர் ஆந்திரா பார்டர் தாண்டி. சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை வருவார். மற்ற நாளெல்லாம் பஜார் பக்கம் ஒரு ரூம். அந்த ரூமுக்குத்தான் இந்தக் கறுப்புப் பெட்டி முதலில் வந்தது. பழைய சாமான் கடையில் டிவிடி பிளேயர் என்று நினைத்து வாங்கியிருக்கிறார். உள்ளே ஒரு பாஸ்கெட்பால் டிஸ்க் மாட்டிக்கொண்டிருந்தது.

"படம் வரும்னு பாத்தா பந்து வருது நைனா" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வேறு யாராக இருந்தாலும் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். நைனா அதற்குள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த கேமில் நாம் பந்தைத் தொடவே வேண்டாம். ஒரு டீமை வருஷக்கணக்கில் நிர்வாகம் பண்ணலாம். ஆளை எடுக்கலாம், மாற்றலாம், ஓய்வு கொடுக்கலாம். பட்டனை அமுக்கினால் மேட்சை கம்ப்யூட்டரே ஆடி முடித்துவிடும்.

"முப்பது வருசமா லேபரு. இங்கயாவது மேனேஜ்மென்ட்டா கீறனே" என்றார். பாஸ்கெட்பால் மைதானத்தை அவர் வாழ்க்கையில் மிதித்ததில்லை.

அந்த கேமில் நாமே ஆட்களை உண்டாக்கலாம். நைனா எங்கள் ஷிஃப்ட்டையே டீமாக்கினார். கேன்டீன் மாஸ்டர், வெல்டர், கேட் வாட்ச்மேன், எல்லாரும் அரைக்கால் டவுசரோடு டிவியில் ஓடினார்கள். இங்கேதான் அவர் ஒரு தப்புச் செய்தார். எல்லாருக்கும் உண்மையான வயசைப் போட்டார். "பொய் வயசு போட்டா டீமு வெளங்காது" என்பது அவர் கொள்கை. மாஸ்டருக்கு ஐம்பத்து மூன்று என்று போட்டால் கேம் ஒத்துக்கொள்ளவில்லை, நாற்பத்தைந்தோடு நின்றுவிட்டது. மற்றவர்களும் அதைத் தாண்டியவர்கள்தான்; சரி, அதுதான் அதிகபட்சம் போல என்று எல்லாருக்கும் நாற்பத்தைந்தைப் போட்டுவிட்டார். எனக்கு மட்டும் இருபத்தெட்டு.

அந்த கேமின் சட்டம் இதுதான். ஒரு சீசன் முடிந்தால் எல்லாருக்கும் ஒரு வயசு கூடும். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு தாண்டினால் திறமை மார்க் இறங்க ஆரம்பிக்கும். வயசு ஏற ஏற, மார்க் இறங்க இறங்க, 'இவர்கள் ஓய்வு பெறுகிறார்கள்' என்று வருகிற பட்டியலில் பெயர் விழ வாய்ப்பு அதிகம். போனவர்களுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரே புது ஆட்களைப் பெற்றுப் போடும்.

முதல் சீசன் முடிந்தது. பட்டியல் வந்தது. ஒன்பது பேர்.

"இன்னாடா இது, ஆள்குறைப்பு மாரி கீது!" என்று நைனா கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார்.

ஆனாலும் மரியாதை தெரிந்தவர். எப்போதோ யூனியன் கூட்டத்தில் அவருக்குப் போர்த்திய ஆரஞ்சு சால்வை ஒன்று இருந்தது. அதை டிவிக்குப் போர்த்தினார். கை தட்டினார். என்னையும் தட்டச் சொன்னார். எடுத்து மடித்து, அடுத்த ஆளுக்கு மறுபடி போர்த்தினார். ஒன்பது தடவை. நன்றாக ஆடிய ஆளாக இருந்தால், அவர் நம்பரைத் துணியில் எழுதி அரங்கத்தின் கூரையில் தொங்கவிடலாம், அதற்குப்பிறகு அந்த நம்பர் யாருக்கும் கிடையாது என்று கேமில் இன்னொரு ஏற்பாடு உண்டு. நைனாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "மேல தொங்கறதுதான் நைனா மரியாத. கீழ நிக்கறவனுக்கு இன்னா தெரியும்" என்று என்னைப் பார்த்தார்.

மறுநாள் கேன்டீனில் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர், நேத்து நீ ரிடையர் ஆயிட்ட. நல்லபடியா அனுப்பி வெச்சிட்டேன்."

மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரு சொன்னது? எச்.ஆர். சாரா?"

"கேமு."

அதற்குப்பிறகு மூன்று நாள் மாஸ்டர் அவருக்குக் கரண்டியை முக்காமல் மேலாகவே சாம்பார் மொண்டு ஊற்றினார். ஒரு முருங்கைத் துண்டு விழவில்லை. "மேல கீற ஆளுக்கு மேல் சாம்பார்தான்" என்றார்.

பழைய ஆட்களில் மிஞ்சியவன் நான் ஒருவன். அதோடு என் நிம்மதி போயிற்று. காலையில் கிரேன் ஏறுவதற்கு முன் என்னை ஓரமாகக் கூப்பிடுவார்.

"நேத்து ரெண்டு ஃப்ரீ த்ரோவ கோட்ட வுட்டுட்ட. ஊட்ல எதுனா பிரச்னையா?"

"நைனா, நேத்து நான் பிரவீனுக்கு முடி வெட்ட இட்டுக்கினு போயிருந்தேன்."

"அதான் சொல்றேன். கவனம் இங்க இல்ல."

எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

நிஜத்தில் இரண்டு மாதம் போனால் கேமில் ஒரு சீசன் போய்விடும். உங்கள் அப்பாவுக்கு அங்கே முப்பத்தெட்டு வயசானது. அந்த வருஷப் பட்டியலில் SEKAR என்று பெயர் வந்துவிட்டது. நைனா சுவிட்சையே அணைத்துவிட்டார். சீசன் முடிவதற்கு முன்னால் சேவ் செய்து வைத்திருந்ததால், மறுபடி போட்டால் கேம் அங்கிருந்தே ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் மறுபடி தாயம் உருட்டும்போல. சில தடவை பெயர் வரும், சில தடவை வராது. அதை அவர் ஒரு நோட்டில் ஆராய்ச்சியாகவே எழுதினார். டீ குடித்துவிட்டு அமுக்கினால் ரிடையர். டீ குடிக்காமல் அமுக்கினால் ரிடையர். சேகர் வெளியே நின்றால் தப்பித்தான்.

அதனால் ஒவ்வொரு சீசன் முடிவிலும் என்னை ரோட்டில் நிறுத்திவிடுவார். மத்தியான வெயில். எதிர் டீக்கடைக்காரர், "இன்னாபா, ரூமைக் காலி பண்ணச் சொல்ட்டாரா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து "தப்பிச்சிட்டடா!" என்று சத்தம் வந்தால் நான் உள்ளே போவேன்.

இப்படியே என்னை நாற்பத்தொன்று வரை இழுத்துவிட்டார். எழுபத்தெட்டு இருந்த என் மார்க் நாற்பத்தாறுக்கு வந்துவிட்டது. கடைசி சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து மூன்றே பாயின்ட் எடுத்தேன்.

அதே சமயம் நைனாவுக்கு நிஜமாகவே ஐம்பத்தெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனியில் நல்ல ஆப்பரேட்டருக்கு ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் கொடுப்பார்கள். அவருக்கும் பேப்பர் வந்தது. கையெழுத்துப் போட்டால் போதும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நடந்தார். நாற்பத்திரண்டு படியில் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் கம்பிக் கட்டு இறங்கியது. நிறுத்து என்று கை காட்டினேன். நிற்கவில்லை. நான் பின்னால் தாவினேன். என் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"என் சிக்னல்தான் சார் லேட்டு" என்றேன்.

நைனா இறங்கி வந்தார். என் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம் ரூமுக்குப் போனேன். டிவியில் சீசன் முடிவு. பட்டியலில் SEKAR. பழக்க தோஷத்தில் நானே வெளியே கிளம்பினேன்.

"எங்க போற? உள்ள வா."

சுவிட்சை அவர் அணைக்கவில்லை.

"எழுவத்தெட்டுல ஆடினப்பவே கை தட்டி அனுப்பியிருக்கணும் சேகரு. புடிச்சி வெச்சி புடிச்சி வெச்சி, உன்ன பெஞ்சில குந்த வெச்சிட்டேன்."

"கேம்தான நைனா."

"சிக்னல் உன்னுதா லேட்டு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இப்ப நீ என்னைப் புடிச்சி வெக்கற. வேணாம் நைனா. கீழ நிக்கறது நீ. ரெண்டு சின்னப் பசங்க கீது உனுக்கு."

பட்டனை அமுக்கினார். நான் ரிடையர் ஆனேன். அந்த ஆரஞ்சு சால்வையை டிவிக்குப் போர்த்தாமல் என் தோளில் போர்த்திக் கை தட்டினார். "என் நம்பரை மேல தொங்கவுடலையா நைனா?" என்று கேட்டேன்.

"மூணு பாயின்ட் எடுத்தவனுக்கா? போடா!"

மறுநாள் எக்ஸ்டென்ஷன் பேப்பரைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் கம்பெனியில் ஒருவர் ஓய்வு பெற்றால் மாலை போட்டு, சால்வை போர்த்தி, லட்டு கொடுத்து, வேனில் ஏற்றி வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவோம். நைனாவுக்கும் எல்லாம் தயார். ஆள் இல்லை. காலை ரயிலிலேயே சூளூர்பேட்டை பக்கம் போய்விட்டார். கேன்டீன் மாஸ்டரிடம் இந்தக் கறுப்புப் பெட்டியையும் அந்தச் சால்வையையும் கொடுத்துவிட்டு, "மேடையில ஏறினா நான் அழுதுடுவேன், அசிங்கம். இத சேகர் பசங்களுக்குக் குடு. என் டீம அழிக்க வேணாம்னு சொல்லு" என்று சொல்லியிருக்கிறார்.

வேன் டிரைவர், "யாரைத்தான் ஏத்தறது?" என்று கேட்டார். மாஸ்டர்தான் யோசனை சொன்னார். பெட்டியை முன் சீட்டில் வைத்து மாலையைப் போட்டோம். கவரைப்பேட்டை வரைக்கும் வழியனுப்பு மரியாதையோடு வந்து நம் வாசலில் இறங்கியது. மாலை போட்ட பெட்டியைப் பார்த்து நித்யா கும்பிட்டாளே, ஞாபகம் இருக்கிறதா?

இப்போதும் மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறார். உங்களை விசாரித்த பிறகு, "டீமு நல்லா கீதா?" என்பார். நல்லா கீது நைனா என்பேன்.

நீங்கள் அழிக்கலாமா என்று கேட்டதற்கு மறுநாள் எனக்கு வார லீவு. நீங்கள் ஸ்கூலுக்குப் போன பிறகு பெட்டியைப் போட்டேன். புதிதாக ஓர் ஆளை உண்டாக்கினேன். பெயர் NAINA. வயசு நாற்பத்தைந்து, அதற்கு மேல் அது ஒத்துக்கொள்ளாது. நம்பர் மூன்று. மார்க் எழுபத்தெட்டு, எனக்கு இருந்த அதே மார்க். ஒரு சீசனைக் கம்ப்யூட்டரை ஆடச் சொன்னேன். முடிவில் பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. என் விரல் தானாகச் சுவிட்சுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

பீரோவிலிருந்து ஆரஞ்சு சால்வையை எடுத்து டிவிக்குப் போர்த்தினேன். தனியாக நின்று கை தட்டினேன். பிறகு சால்வையைக் கொஞ்சம் விலக்கி, மூன்றாம் நம்பரைக் கூரையில் ஏற்றிவிட்டு, சேவ் செய்தேன்.