நான் மாவு பூசிய கல்

"ஏம்மா, உங்க ஊட்ல கையெழுத்து போடவே ஆளு கெடியாது. நீ கல்வெட்டு படிக்கப் போறியா?"

போன வருடம் பாரிவாக்கத்து ஈஸ்வரன் கோயில் கமிட்டித் தலைவர் இப்படிக் கேட்டபோது, நான் எம்.ஏ. வரலாறு முடித்த சூட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். (அதை யாரையும் மறக்க விட்டதில்லை.)

அந்தக் கோயிலை யார் கட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அடுக்குமாடிகளுக்குக் குடிவந்தவர்கள் கேட்டால் ஒருவர் பல்லவர் என்பார், இன்னொருவர் சோழர் என்பார். கும்பாபிஷேகப் பத்திரிகைக்குத் தல வரலாறு தேவைப்பட்டது. பின்பக்கம் வேப்பமரத்தடியில் எழுத்து வெட்டிய கல் ஒன்று சாய்ந்து நின்றது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலோட வயசைச் சொல்றேன். முடியலைன்னா வேற ஆளை வச்சு எழுதிக்குங்க" என்று சவால் விட்டேன்.

அது ஆடி வெள்ளி என்பது என் பட்டதாரி மூளைக்கு எட்டவில்லை.

காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கழுவினேன். மங்கிய எழுத்து தெரிவதற்காக மாவு தேய்ப்பதுண்டு. அரிசி மாவைத் தேய்த்ததும் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து நின்றன! தரையில் தலை படக் குனிந்து ஒவ்வொன்றாக முணுமுணுத்தேன்; பாதிதான் பிடிபட்டது. படமெடுக்கப் பார்த்தால் கைப்பேசியில் உயிர் இல்லை. சார்ஜ் போட வீட்டுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது கல் புடவை கட்டியிருந்தது.

விரல் தடிமனுக்கு மஞ்சள். அதன்மேல் குங்குமம், எண்ணெய், எலுமிச்சை மாலை. சுற்றிலும் பெண்கள். நடுவில் கற்பூரத் தட்டோடு என் அம்மா.

"இன்னாம்மா பண்ணிக்கீறே?"

"நீதான மாவு பூசி, வுழுந்து கும்பிட்டு, மந்திரம் சொன்னியாம்? படிச்ச பொண்ணே கும்புடுதுன்னா சும்மாவா?"

"ஐயோ, அது கல்வெட்டும்மா!"

"கத்தாத. ஆத்தா காதுல வுழப்போவுது."

கழுவிவிடலாம் என்று குடத்தைத் தூக்கினேன். அடுக்குமாடி அக்கா ஒருவர், "உங்களுக்குக் கனவுல வந்தாளா?" என்று என் காலைத் தொடக் குனிந்தார். குடத்தை இறக்கி வைத்தேன்.

சாயங்காலம் தலைவர் வந்தார். "இன்னாம்மா, கோயிலுக்கு இன்னா வயசு?"

"ஈஸ்வரனோட வயசு தெரியலைங்க. பின்னாடி இருக்கிற அம்மனுக்கு இன்னிக்குத்தான் பொறந்தநாள்."

அவர் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. "சரி வுடு. வரலாறு எடத்தை காலியா வச்சிக்கீறேன். நீயே படிச்சி சொல்லு" என்றார். கும்பாபிஷேகம் தள்ளிக்கொண்டே போகிறது; அந்த இடமும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா, பூந்தமல்லி போகிறவர்களிடமெல்லாம் இன்றும் சொல்கிறார்: "எம்பொண்ணு எம்.ஏ.வுங்க. சாமியவே கொண்டாந்துச்சி."

இனி அம்மனைச் சுரண்டிப் பார்க்க ஊர் விடாது. ஆனால் அபிஷேகத்துக்கு முன் பழைய மஞ்சளையும் எண்ணெயையும் கழுவித் துடைப்பார்கள். உபயதாரர் பக்கத்திலேயே உட்காரலாம். இந்த ஆடியின் மூன்றாம் வெள்ளி உபயத்தை என் பெயரில் எழுதிவிட்டேன். "அபிஷேகத்தைச் சுருக்கமா முடிச்சுடலாமா?" என்று அர்ச்சகர் கேட்டார்.

"மத்ததெல்லாம் உங்க இஷ்டம் சாமி. கழுவுறதை மட்டும் பொறுமையா பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.