பதினாறு எண்ணும் வரை

பேஸ் கிட்டார் வாசிப்பவனிடம் "இப்போ என்ன பாட்டு கேட்டுக்கிட்டிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவன் சொல்லும் பாட்டு உங்களுக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும். ஆனால் அதில் அவன் கேட்டது எதுவும் உங்கள் காதில் விழுந்திருக்காது. எங்களுக்குப் பாடகரும் பொருட்டில்லை, வரிகளும் பொருட்டில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் 'தும்... தும்தும்' என்று ஒரு தடித்த கம்பி முனகிக்கொண்டே போகுமே, அதன் பின்னாலேயே போய்விடுவோம்.

நான் திண்டிவனத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவன். (மேடையில் கீபோர்டுக்குப் பின்னால் பாதி மறைந்து ஒருவன் நிற்பானே, அவன்தான்.) மற்ற நாட்களில் எலக்ட்ரிக்கல் கடையில் வேலை. இந்த மேடைப் பெருமையைக் கேட்டே மூன்று பெண் வீட்டார் கைவிரித்துவிட்டார்கள். நாலாவது இடம் விழுப்புரம். கவிதாவின் போட்டோவைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வேன் என்று உண்மையிலேயே பயந்தேன்.

பெண் பார்க்கப் போகும்போது பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு சட்டம் போட்டாள்.

"கிட்டாரு கிட்டாருன்னு அங்க வாயத் தொறக்காத. கேட்டா, பாட்டுன்னா புடிக்கும்னு சொல்லு, போதும்."

தலையாட்டினேன். காதில் இயர்போன். அந்த மாதம் முழுவதும் நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு பழைய சினிமாப் பாட்டு. பல்லவியில் பேஸ் ஓடியாடி விளையாடும். சரணம் தொடங்கியதும் சட்டென்று நின்றுவிடும். பதினாறு எண்ணும் வரை அதன் சத்தமே இருக்காது. பிறகு ஆழத்திலிருந்து ஒரே ஒரு 'தும்' வந்து இறங்கும். அந்த ஒரு 'தும்'முக்காக அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த ஜன்னலோர சீட்டும் அந்த வயதும் இன்னொரு முறை கிடைத்தால் தேவலை என்று இப்போதும் தோன்றும்.

பெண் வீட்டுக் கூடத்தில் அப்பா, மூன்று சித்தப்பாக்கள், ஒரு தாய்மாமன். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரும் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. நடுவில் தட்டு நிறைய வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்). கவிதா காபி கொடுத்துவிட்டு அறை வாசலில் போய் நின்றாள். சும்மா இருந்திருக்கலாம், அம்மா வழக்கத்தை விடாமல் "பொண்ணு பாடுமா?" என்று கேட்டுவைத்தாள்.

"அது பாடாதுங்க. மாப்ள பாடட்டுமே," என்றார் தாய்மாமன். என் பக்கம் திரும்பினார். "இன்னா தம்பி, இப்ப எந்தப் பாட்டு விரும்பிக் கேட்டுக்கினு இருக்கீங்களோ, அதயே எடுத்து வுடுங்க."

அந்தப் பாட்டில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் என் பாகம் தலைகீழ்ப் பாடம். கண்ணை மூடினேன்.

"தும்... தும்தும்... துதும்..."

ஐந்து பேரும் கப்சிப். நான் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டு தோளையும் ஆட்டினேன். (கீழுதடும் சேர்ந்து ஆடியதாம். அம்மா இன்றும் நடித்துக் காட்டுவாள்.) பல்லவி முடிந்தது. நிறுத்தினேன்.

"நல்லாருந்திச்சி தம்பி!" என்று தாய்மாமன் அவசரமாகக் கைதட்டினார்.

நான் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினேன். இன்னும் முடியவில்லை, இருங்கள் என்று அர்த்தம். மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஒன்று... இரண்டு... ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சித்தப்பா வாயில் போட்ட மல்லாட்டையை மெல்லாமலே உட்கார்ந்திருந்தாராம். பதினொன்றில் பெண்ணின் அப்பா என் அம்மாவிடம் குனிந்தார்.

"தம்பிக்கு ஒடம்புக்கு எதுனாங்களா? முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி பக்கந்தான். ஜல்தியா ஒரு எட்டு காட்டிட்டு வந்துடலாமா?"

அம்மா அதற்குள் திருவக்கரை அம்மனுக்குப் பௌர்ணமி தவறாமல் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். நான் பதினாறை அடைந்தேன். அடிவயிற்றிலிருந்து "தும்" என்றேன்.

அறை வாசலில் ஒரு சிரிப்பு வெடித்தது. கண்ணைத் திறந்தபோது கவிதா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவது தெரிந்தது.

திரும்பும்போது பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள்.

"நாலாவதும் போச்சி. பாடச் சொன்னா ரெண்டு வரி பாட வேண்டியதுதான? இன்னாடா அது, தண்ணி ஏறாத மோட்டாரு மாரி!"

இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டேன். அழுகை வந்தது. அந்தப் பாட்டை இனி கேட்பதில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தியம் செய்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தாய்மாமன் போன் செய்தார். "பொண்ணு சரின்னுடுச்சிங்க. ஏன்னு எங்களுக்கும் புரியல."

எனக்கும் புரியவில்லை. கல்யாணம் முடிந்ததும் முதல் வேலையாகக் கவிதாவையே கேட்டேன்.

"எங்க வூட்ல அஞ்சு பேரும் மூச்சு வுடாம பேசுவாங்க. எங்க கூடத்துல ஃபேன் சத்தம் கேட்டதே அன்னிக்கிதாங்க. சும்மா இருக்க வேண்டிய எடத்துல சும்மா இருக்கத் தெரிஞ்ச ஆள வுடக் கூடாதுன்னு தோணிச்சி," என்றாள்.

பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. குழு கலைந்துவிட்டது. கிட்டார் பீரோ மேல் படுத்திருக்கிறது. சத்தியத்தை மீறி அந்தப் பாட்டைச் சமீபத்தில் மறுபடி கேட்கத் தொடங்கியிருக்கிறேன், இயர்போனின் ஒரு முனை என் காதில், மறு முனை கவிதா காதில். சண்டை வரும் நாட்களிலும் அந்தப் பாட்டு எங்களோடு இருக்கிறது. நான் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் கவிதா ஒரு விரலை உயர்த்துவாள். எங்கள் மகள் எங்கிருந்தாலும் ஓடிவந்து சத்தமாக எண்ணத் தொடங்குவாள். பதினாறு வருவதற்குள் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடும். கவிதாவும் மகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"தும்" என்பேன்.