நாற்பத்து மூன்று பேர் கேட்ட ஜெபம்

தச்சநல்லூர்,
வியாழன் மத்தியானம்

விக்கிரமசிங்கபுரம் ஞானதுரை அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் இஸ்ரவேல் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் ஜெபராணியும் மகள் டார்லினும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரி அத்தான்" என்பேன். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

விஷயம் இதுதான். உங்கள் மகன் மெர்வின் பேங்க் வேலையை விட்டு ஏழு மாதம் ஆகிறது.

இதை அவனே சொல்வதாக இருந்தான். முதலில் ஈஸ்டர் முடியட்டும் என்றான், பிறகு அசனப் பண்டிகை கழியட்டும் என்றான், கடைசியாகக் கிறிஸ்துமஸுக்குள் என்று வந்து நின்றான். அதற்குள் இன்று காலை நான் அதை ஆண்டவரிடம் சொல்லப்போய், நாற்பத்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உங்கள் தெருப் பிள்ளைகளும் அதில் இருக்கக்கூடும். வெளியாள் வந்து சொல்லி நீங்கள் அறிவதற்கு முன், குடும்பத்து ஆள் சொல்லி அறிய வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

டார்லின் பாட்காஸ்ட் நடத்துவது உங்களுக்குத் தெரியும். வானொலி மாதிரிதான், நிலையம் மட்டும் நம் வீட்டு மாடி அறை. வலைத்தளத்தில் தொழில் தொடங்கியவர்களைக் கூப்பிட்டு, எப்படி விளம்பரம் செய்தாய், இன்ஸ்டாகிராமில் எப்படி ஆள் பிடித்தாய் என்று ஒரு மணி நேரம் கேட்பாள். வருகிறவர்கள் முதல் அரை மணி நேரம் தாங்கள் தோற்ற கதையைத்தான் சொல்வார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றதை எங்கள் அப்பாவிடம் ஒரு மாதம் மறைத்தவன். இவர்கள் உலகத்துக்கே சொல்கிறார்கள். அந்த நிலையத்தில் எனக்கும் உத்தியோகம் உண்டு. ஜன்னலில் மெத்தையைச் சாத்துவது, ஃபேனை நிறுத்துவது, பக்கத்து வீட்டு வேணியிடம் குக்கரை இறக்கச் சொல்வது, மீன்காரர் ஹாரன் அடிக்காமல் தெருமுனையில் மறிப்பது. "வே, நான் மீனு விக்கணுமா, ஒம்ம மக பேசி முடிக்க வரைக்கும் மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிக்கணுமா?" என்று அவர் போன வாரம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இன்றைக்குப் பேட்டிக்கு வந்தவன் மெர்வின். கல்யாண வீட்டுக்கும் மற்ற விசேஷங்களுக்கும் நாற்காலி, பந்தல், பாத்திரம் எல்லாம் போனிலேயே பதிவு செய்து வாடகைக்கு எடுக்க ஒரு வலைத்தளம் தொடங்கியிருக்கிறான். தினமும் பேங்க் சட்டையோடு ஏழே கால் பஸ் ஏறுகிறானே, நேரே இங்கேதான் வருகிறான். சட்டையை மாற்றிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். ஜெபராணி அவனுக்குச் சுடச்சுடச் சமைத்துப் போடுகிறாள். அக்கா கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டை என்ன செய்வது? வீணாக்கக் கூடாதென்று ஏழு மாதமாக நான்தான் சாப்பிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மொச்சைக் குழம்பில் உப்பு ஒரு பொடிக்கு அதிகம் என்று அக்காவிடம் சொல்லவும்.

நடந்தது என்னவென்றால், "எப்பா, மைக் சரியா இருக்கான்னு பாக்கணும், எதாவது பேசுங்க" என்றாள் டார்லின். அத்தான், மைக் முன்னால் நான் வாழ்நாளில் ஜெபம் தவிர வேறெதுவும் செய்ததில்லை. கை தானாகக் கூடியது, கண் தானாக மூடியது. நம் ஆட்களின் ஜெபம் உங்களுக்குத் தெரியும்; ஆண்டவருக்கு விவரம் பத்தாதோ என்று ஊர், தெரு, பஸ் நேரம் வரைக்கும் சொல்லிவிடுவோம். "பேங்குக்குப் போறதா அப்பாகிட்ட சொல்லிட்டு, விக்கிரமசிங்கபுரத்துல இருந்து தினமும் எங்க மாடிக்கு வார இந்தப் பிள்ளை மெர்வினை நினைச்சருளும் சுவாமி. அவங்க அப்பா ஞானதுரையோட கோபத்தைப் பைய பைய இறக்கும்" என்று உருக்கமாகவே ஜெபித்தேன். கண்ணைத் திறந்தால் டார்லின் தலையில் கை வைத்திருந்தாள். சிவப்பு விளக்கு எரிகிறது. திரையில் 43 என்று காட்டுகிறது. மெர்வின் மட்டும் மெல்ல "ஆமென்" என்றான். நான் கீழே ஓடிவந்து பேனாவை எடுத்தவன்தான்.

மேலே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "முதல் கஸ்டமர் யாரு?" என்று அவள் கேட்பதும், "எங்க மாமாதான்" என்று அவன் சொல்வதும் கேட்கிறது. அது உண்மை. அவன் போட்ட படத்துக்கு அறுநூறு பேர் இதயம் போட்டார்கள். நாற்காலி கேட்டவர் ஒருவரும் இல்லை. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நானே வேறு பெயரில் ஐம்பது நாற்காலி பதிவு செய்தேன். விலாசத்தை மாற்ற மறந்துவிட்டேன். விசேஷம் எதுவும் இல்லாத வீட்டு வாசலில் ஐம்பது நாற்காலி இறங்கினால் தெரு என்ன நினைக்கும்? எதிர்வீட்டு மாரிக்கண்ணு மாலையோடு வந்துவிட்டார். வாசலில் ஜெபராணியைப் பார்த்ததும், "நீங்க நல்லாத்தான இருக்கீய? அப்ப அண்ணாச்சியா?" என்றார். நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து இருப்பைத் தெரிவித்தேன். வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து அனுப்பினோம்.

இனி எழுதப்போவதை நிதானமாக வாசிக்கவும். உங்கள் கோயில் அசன விருந்துக்கு வழக்கமான பாத்திரக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்ததும், கமிட்டிப் பையன்கள் போனில் எங்கேயோ பதிவு செய்து, சொன்ன நேரத்துக்கு முன்பே வண்டி வந்து நின்றதல்லவா? அன்றைக்கு நீங்கள் எனக்குப் போன் செய்து, "ஏலே இஸ்ரவேல், அண்டாவைத் தடவிப் பாத்தேன், ஒரு பொட்டு கரி இல்ல. எவன் பெத்த பிள்ளையோ, பொறுப்பா செய்யுதான்" என்றீர்கள். நான் "சரி அத்தான்" என்றேன். அது பிழை. "நீங்க பெத்த பிள்ளைதான்" என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். வண்டியோடு வந்த மெர்வின் உங்கள் கண்ணில் படாமல் கோயில் பின்பக்கம் ஒளிந்திருந்தான். நீங்கள் அண்டாவைத் தடவியதை அங்கிருந்து பார்த்தானாம். அதை என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டான்.

வருஷப் பிறப்பு ஆராதனையில் நீங்கள் எழுந்து நின்று, மகனுக்குக் கிடைத்த பேங்க் வேலைக்கு நன்றி சொல்வீர்கள். அந்தச் சாட்சியை உங்களிடமிருந்து பிடுங்கிவிட்டோமே என்றுதான் அவனுக்குப் பயம். கோபத்தை என்மேல் காட்டவும். எனக்குப் பழக்கம் உண்டு. சமாதானத்தின் தேவன் தங்களோடும் அக்காவோடும் இருந்து, தங்கள் ரத்த அழுத்தத்தையும் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
இஸ்ரவேல்

பி.கு.: பிள்ளைகள் இறங்கி வந்துவிட்டார்கள். பேட்டி அடுத்த வாரம்தான் வெளியாகுமாம். மைக் சோதித்ததை அப்போதே அழித்துவிட்டாளாம். "அப்ப அந்த நாப்பத்து மூணு பேரு?" என்றேன். "அது பேட்டரிப்பா" என்றாள். ஆக என் ஜெபத்தைக் கேட்டவர் ஆண்டவர் ஒருவர்தான். இந்தக் கடிதமும் வேண்டியதில்லை என்று கிழிக்கப்போனேன். மெர்வின் வாங்கி, நின்றபடியே இரண்டு தடவை வாசித்தான். "கிழிக்காதீங்க மாமா. ஏழு மாசமா எனக்கு முதல் வரியே வரல" என்றான். தபாலும் வேண்டாமாம், அவனே கொண்டுவருகிறானாம். ஆகவே நீங்கள் இதை வாசிக்கும் இந்நேரம் அவன் உங்கள் எதிரில்தான் நிற்கிறான். பேங்க் சட்டை போடவில்லை, பார்த்திருப்பீர்கள். அக்காவின் சாப்பாட்டையும் இன்றைக்கு அவனே சாப்பிட்டுவிட்டான், எனக்கு ஒரு வாய் தரவில்லை. அவனை முதலில் உட்காரச் சொல்லுங்கள் அத்தான். நாற்காலி இல்லையென்றால் அவனிடமே கேட்கவும், ஐம்பது அனுப்புவான்.