பதினாறு பல் தெரியச் சிரிப்பவர்

இன்முக ஊழியர் என்று ஓர் இனம் உண்டு. கன்னியாகுமரி முதல் குளச்சல் வரை எங்கும் காணலாம். இவர் தெருவில் நின்று பிரசங்கம் செய்யமாட்டார், துண்டுப் பிரசுரம் நீட்டமாட்டார், நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தமாட்டார். அதெல்லாம் பழைய முறை. இவர் பழகுவார்.

பழகுவது எப்படி என்று மூன்று நாள் முகாமில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மூன்றடி தூரத்தில் நிற்க வேண்டும். மேல்வரிசைப் பல் பதினாறும் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது. பிடித்த கையை நான்கு விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். ஒரு பேச்சில் எதிரில் நிற்பவர் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். வீட்டாரை முதல் சந்திப்பிலேயே விசாரிக்கலாம், இயேசுவை ஆறாவது சந்திப்பில்தான் எடுக்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் வந்தால் என்ன செய்வது? நான்காம் நாள் முகாம் இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பார்கள்.

இரணியல் ஆன்ஸ்லின் இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி. அவர் பிடித்த நண்பர், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பகவதியப்பன். 2025 ஜூன் மூன்றாம் தேதி தொடங்கி, செவ்வாய்தோறும் மாலை ஐந்தேகாலுக்கு ஆன்ஸ்லின் அவர் கடை வாசலில் பிரசன்னமாவார்.

"பகவதியப்பன் அண்ணே, சுகமா இருக்கியளா? வீட்டுல மைனி, பிள்ளையள் எல்லாம்?"

"எனக்குப் பொண்டாட்டியும் இல்ல, பிள்ளையளும் இல்லடே. ஒத்தக்கட்ட. கண்ணுதான் கம்பியப் பிடிக்க மாட்டேங்கு. ஆப்பரேசன் செய்யணுமாம், கூட ஒரு ஆளு..."

"ஸ்தோத்திரம்! சந்தோசம்ணே. எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க."

யாரிடம் சொல்வது? மூலையில் கிடக்கும் எரிந்துபோன மோட்டார்களிடமா?

இப்படிப் பதினான்கு செவ்வாய்.

செப்டம்பர் முதல் ஞாயிறு, சபையில் 'நண்பர் ஞாயிறு'. ஆளுக்கொரு பிற மத நண்பரை அழைத்துவந்து எல்லார் முன்னும் அறிமுகம் செய்ய வேண்டும். பகவதியப்பன் உடனே சம்மதித்தார். ஆத்தும தாகம் என்று ஆன்ஸ்லின் எண்ணிக்கொண்டார். உண்மை வேறு. மறுநாள் நாகர்கோவிலில் கண் அறுவை. துணைக்கு ஆளில்லை என்று ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண் போனால் காயில் இல்லை; காயில் இல்லையென்றால் கஞ்சி இல்லை.

ஆன்ஸ்லின் மைக்கைப் பிடித்தார். "எனக்க உயிர் நண்பர் பகவதியப்பன். பகவதியப்பன் நல்ல குடும்பஸ்தர். அன்பான மனைவி, முத்தான பிள்ளைகள்..."

பகவதியப்பன் எழுந்தார். "ஏலே ஆன்ஸ்லினு, அது யாருக்க பொண்டாட்டிடே? எனக்குத் தெரியாம எப்பம் கெட்டி வச்ச?"

சபை சிரித்தது. போதகர் வேதப்புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

"பதினாலு வாரமா சொல்லுதேன். நாளைக்கு எனக்குக் கண்ணு ஆப்பரேசன். கூட வர ஆளில்ல."

"கண்டிப்பா ஜெபிக்கேன்ணே!"

"ஜெபத்த பஸ்ஸுல வச்சுப் பண்ணலாம். காலம்பற ஆறு மணிக்கு ஸ்டாண்டுக்கு வா மக்கா."

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் யார்தான் மறுப்பார்? ஆன்ஸ்லின் போனார். அறுவை முடிந்தது. ஒரு கண்ணில் கட்டு. மறு கண்ணில் முன்பே மங்கல். அந்த முகத்தைப் பார்த்து முகாம் முறைப்படி கால் மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்த பிறகுதான், இந்தச் சிரிப்பு போய்ச் சேர இடமில்லை என்பது ஆன்ஸ்லினுக்கு உறைத்தது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், "வலிக்கா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

பதில் வந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் வந்தது. வலியில் தொடங்கி, செம்புக் கம்பியின் தரம் கெட்டது, தம்பி தட்டிப்பறித்த தென்னந்தோப்பு, பெண் பார்த்துவிட்டு வந்தபின் நின்றுபோன கல்யாணம் என்று நீண்டது. நடுவில் இயேசுவை எடுக்க ஒரு மூச்சு இடைவெளி கிடைக்கவில்லை. கடைசியில் பகவதியப்பன், "நாளைக்குச் செவ்வாக்கெழம, கொஞ்சம் நேரத்தோட வா மக்கா. மிச்சம் கெடக்கு" என்றார்.

சிரிக்காதீர்கள். இது இரணியல்காரர் விவகாரம், சபைக்காரர் விவகாரம் என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். நேற்றுச் சாப்பிடும்போது உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் ஏதோ சொன்னார். நீங்களும் "ஆமா, ஆமா" என்று அழகாகத் தலையாட்டினீர்கள்.

என்ன சொன்னார்?