முள்ளு பாய் விழுங்கிய முள்

வைகைக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் மீன் வறுக்கிற எந்த ஓட்டல்காரரும் சுகாதார ஆய்வாளருக்குப் பயந்ததில்லை. எங்கள் முள்ளு பாய்க்குத்தான் பயந்தார்கள்.

கோரிப்பாளையத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவருடையது. செல்போன் ரிப்பேர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸும் சின்ன இடுக்கியும் இருக்கும். அவை போனுக்கு என்று நினைத்தால் நாம் ஏமாந்தோம். ஓட்டலில் மீன் வந்ததும் லென்ஸ் கண்ணுக்கு ஏறிவிடும். இடுக்கியால் முள்ளை ஒவ்வொன்றாக உருவி இலை ஓரத்தில் அடுக்கிவிட்டு, போஸ்ட்மார்ட்டம் முடித்த டாக்டர் மாதிரி நிமிர்வார்.

“ஏன்ப்பா, விராலுன்னு சொல்லிட்டு கெளுத்தியத் தோலுரிச்சுப் போட்டிருக்க? கெளுத்தி பாவம்டா, அதுக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல?”

கெளுத்தியைத் தின்ன அவருக்கு ஆட்சேபணை இல்லை. அதன் பெயரை மாற்றுவதுதான் பொறுக்காது. ஒரு ஓட்டலில் அவர் தலை தெரிந்ததுமே உள்ளேயிருந்து சத்தம் வந்தது: “பாய் வாராரு! போர்டுல வஞ்சிரத்த அழி!”

மீன் விஷயத்தில் பொய் சொல்லாத மனிதர். புது மாப்பிள்ளையாக மாமியார் வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டு, “இது நெத்திலி இல்ல, சாளைக் குஞ்சு” என்று சொல்லிவிட்டு ஒரு வருஷம் அந்த வீட்டுப் படி ஏற முடியாமல் இருந்தவர். அப்படிப்பட்டவரை என் கல்யாணக் கறி விருந்துக்குக் கூட்டிப் போனது என் புத்திசாலித்தனம்.

திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டியாயிற்று. மறுநாள் எழுமலையில் பெண் வீட்டு விருந்து. பொறுப்பு என் மனைவியின் தாய்மாமனுடையது. ஊரெல்லாம் ஆட்டுக்கறி போடும்போது, மதுரைச் சம்பந்திகளுக்குக் கடல் மீன்தான் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்று, டவுன் மீன் கடையிலிருந்து ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் இறக்கியிருந்தார். பந்தியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

முள்ளு பாயின் புகழ் எழுமலை வரைக்கும் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மாமா நேராகப் பாயின் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

“பாய், மீனுக்கு நீங்கதான் ஜட்ஜுன்னு சொன்னாக! நீங்களே சொல்லுங்க. இம்புட்டுப் பேருக்கு முன்னாடி கேக்குறேன், இது என்ன மீனு?”

பந்தி மொத்தமும் கையை நிறுத்தியது. லென்ஸ் ஏறியது. இடுக்கி ஒரு முள்ளை உருவியது. கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த முள். பாய் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருஷம் சாப்பிட்டவன் நான், எனக்கே தெரிந்துவிட்டது. வஞ்சிரத்துக்கு அந்த முள் கிடையாது. அது குளத்துக் கட்லா.

மாமா சிரித்தபடி காத்திருந்தார். பந்தி முனையில் குழம்பு வாளியோடு நின்ற என் புது மனைவி பாயின் வாயையே பார்த்தாள். பாய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமாவின் மானம் இலையோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும்.

பாய் லென்ஸைக் கழற்றிப் பைக்குள் போட்டார். இடுக்கியில் இருந்த முள்ளை வாயில் போட்டு மென்றார். மீதித் துண்டையும் முள்ளோடு தின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“சுத்தமான வஞ்சிரம்ண்ணே!”

“பாருங்கய்யா, பாயி கண்ணு கலங்கிட்டாரு!” என்று மாமா அவரைக் கட்டிப்பிடித்தார். தொண்டையில் சிக்கிய முள் இறங்க, பாய் வெறுஞ்சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினார்.

திரும்பும் வேனில் கரகரத்த குரலில் சொன்னார்: “கட்லா, மாப்ள. நல்ல கட்லா.”

“அப்புறம் ஏன் பாய்?”

“ஏமாத்துனது கடைக்காரன். தலை குனியிறது அந்த மனுசனா? நீ வேற, அந்தப் புள்ள என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்குது.”

மறுநாள் காலையில் தன் கடையைத் திறக்காமல், மாமா மீன் வாங்கிய அந்த டவுன் மீன் கடைக்கு நேராகப் போனார். வருகிற கிராக்கிக்கெல்லாம் லென்ஸைக் கொடுத்து முள்ளைக் காட்டினார். மத்தியானத்துக்குள் பலகையில் ‘கட்லா’ என்று கொட்டை எழுத்தில் ஏறியது. இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், எங்க பாய் எழுத வைத்தது என்று யாரிடமாவது பெருமையடிக்காமல் நான் வந்ததில்லை.

ஆனால் மாமா விடுவதாக இல்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் பாயை இழுத்து நடுவில் நிறுத்துகிறார். “இவரே வஞ்சிரம்னு சொன்ன மீனுல்ல அது! என்ன பாய்?”

பாய் ஒரு தடவை செருமிவிட்டு, ஆமாம் என்று தலையாட்டுகிறார். அப்போதெல்லாம் அந்த முள் என் தொண்டையில்தான் சிக்குகிறது.